பாஸ் டிராம்போனுக்கு எந்த மௌத்பீஸ்? – வெர்னியர் காலிப்பரோடு ஒரு செய்முறை

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம்ம கிளாஸ் நண்பர்கள் ரோபோ, மின்சார வண்டி, சோலார் என்று பெரிய பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது அரைச் சாண் நீளமுள்ள ஒரு பித்தளைச் சாமான். ஆனால் நண்பர்களே, முதல் வருஷத்திலிருந்து நாம் படித்த வெர்னியர், டேப்பர் டர்னிங், ஃபிட், டாலரன்ஸ் எல்லாம் அந்த ஒரு சாமானுக்குள் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் எழுதி சைன் வாங்கியபோது புரியாத விஷயம், அப்பாவின் உதட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அப்பா பகலில் ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஷேவிங் மெஷின் வேலை. முகூர்த்த நாளில் ராத்திரி பேண்டு செட்டில் டிராம்போன் ஊதுவார். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் பவனி, சாவு என்று எதுவானாலும் போவார். என் ஸ்கூல் பீஸில் பாதி அந்த டிராம்போன் கட்டியதுதான். 2020-ல் ஊரடங்கு வந்தது. கல்யாணம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்தது, பேண்டுக்கு வேலை இல்லை. அந்த வருஷம் அப்பா டிராம்போனை விற்றுவிட்டார். விற்ற அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

போன வருஷம் எங்கள் பேண்டு மாஸ்டர் எங்கேயோ ஒரு பழைய பாஸ் டிராம்போன் பிடித்துக்கொண்டு வந்தார். "யூஃபோனியம் ஊதுறவர் வயசாயிட்டு நின்னுட்டார். அடி சுதி இல்லாம செட்டே காத்தாட்டம் கீது. நீ இத எடுத்து ஊது" என்று அப்பாவிடம் கொடுத்தார். எல்லாம் சரி, மௌத்பீஸ் மட்டும் இல்லை. அப்பா சென்னைக்குப் போய் ஒரு கடையில் "டிராம்போன் மௌத்பீஸ்" என்று கேட்டு 600 ரூபாய்க்கு வாங்கிவந்தார். வீட்டுக்கு வந்து சொருகினால், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி உள்ளே இறங்கி லொடலொட என்று ஆடியது.

"இன்னாடா இது, ஆடுது?" என்றார் அப்பா. நூல் சுற்றினார், பேப்பர் சுற்றினார். காற்று கசிந்தது. முதல் முகூர்த்தத்துக்கு 18 நாள்தான் இருந்தது.

1. முதலில் வாத்தியம்

டிராம்போனில் சுரம் மாற்றுவது கையால் இழுக்கும் ஸ்லைடு. ஏழு இடம் உண்டு. ஸ்லைடை முழுக்க உள்ளே வைத்தால் சாதாரண டிராம்போன் பி ஃபிளாட் சுருதியில் நிற்கும். குழாயின் மொத்த நீளம் சுமார் 9 அடி. பாஸ் டிராம்போனும் அதே பி ஃபிளாட்தான், நீளமும் அதேதான். வித்தியாசம் மூன்று இடத்தில்.

ஒன்று, துளை. சின்ன டிராம்போனில் ஸ்லைடின் உள்விட்டம் சுமார் 12.7 மி.மீ., பெரிய டெனரில் 13.9 மி.மீ., பாஸ் டிராம்போனில் 14.3 மி.மீ. இரண்டு, பெல். பெரிய டெனருக்கு 8½ அங்குலம் என்றால் பாஸுக்கு 9½ அல்லது 10 அங்குலம். மூன்று, கட்டைவிரல் வால்வு. இதை அழுத்தினால் கூடுதலாக ஒரு குழாய் சேர்ந்து மொத்தம் சுமார் 12 அடியாகி, வாத்தியம் எஃப் சுருதிக்கு இறங்கும். இந்த ஏற்பாட்டை 1839-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் சாட்லர் என்பவர் கொண்டுவந்தார். இன்றைய பாஸ் டிராம்போன்களில் பெரும்பாலும் இரண்டு வால்வு. எங்கள் மாஸ்டர் வாங்கியது ஒற்றை வால்வு.

பித்தளை வாத்தியம் நமக்குப் புதுசு இல்லை. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) ஐரோப்பிய முறையில் பேண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இன்றைக்கு நம்ம ஊர் பேண்டு செட்டுகளில் இருக்கும் வாத்தியங்களில் பல உத்தரப் பிரதேசத்தின் மீரட்டிலிருந்து வருகின்றன. அங்கே ஜாலி கோட்டி என்ற பகுதி முழுக்க இந்தத் தொழில்தான். 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அந்த ஊர்தான்.

2. ஏன் ஆடியது? – டேப்பர் கணக்கு

மௌத்பீஸின் வால் பகுதிக்கு ஷேங்க் என்று பெயர். அது நேர் உருளை இல்லை, டேப்பர். வாத்தியத்தின் வாய்க்குழாயும் உள்ளே அதே டேப்பர். இரண்டும் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். நம்ம லேத்தில் டெயில் ஸ்டாக்கில் டிரில் சக் நிற்கிறதே, அதே தத்துவம். ஸ்க்ரூவும் இல்லை, ஒட்டும் இல்லை.

டிராம்போனில் ஷேங்க் இரண்டு சைஸ் அதிகம் புழக்கம். சின்ன ஷேங்க், பெரிய ஷேங்க். சின்னத் துளை டிராம்போனுக்குச் சின்னது, பாஸுக்கும் பெரிய டெனருக்கும் பெரியது. கடையில் அப்பா "டிராம்போன்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் வழக்கமாக விற்கும் சின்ன ஷேங்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்கவேண்டும் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

மறுநாள் மௌத்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ராலஜி லேபுக்குப் போனேன். அளந்த கணக்கு இது:

வாங்கிவந்த ஷேங்க்கின் முனை வெளிவிட்டம்: 11.0 மி.மீ.
வாத்தியத்துக்குத் தேவையான முனை விட்டம்: 12.5 மி.மீ.
டேப்பர்: இரண்டிலும் ஏறக்குறைய 20-க்கு 1.

20-க்கு 1 என்றால், 20 மி.மீ. நீளம் போனால் விட்டம் 1 மி.மீ. கூடும். இங்கே குறைச்சல் 1.5 மி.மீ. அப்படியென்றால் ஷேங்க் சரியாகப் பிடிக்க இன்னும் 1.5 × 20 = 30 மி.மீ. ஆழம் போகவேண்டும். அவ்வளவு போக ஷேங்க்கில் நீளமே இல்லை. அதனால் கப்பின் அடிப்பகுதி வாயில் இடித்து நின்று, உள்ளே முனை அந்தரத்தில் ஆடுகிறது. "லொடலொட"வுக்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. வித்தியாசம் வந்தாலே 2 மி.மீ. ஆழம் மாறும். ஆழம் மாறினால் குழாயின் நீளம் மாறும், சுருதி நகரும். முனை முடியும் இடத்தில் படிக்கட்டு மாதிரி இடைவெளி விழுந்தால் சுரம் நடுங்கும். டாலரன்ஸ் எதற்கு என்று வைவாவில் கேட்டபோது மனப்பாடமாகச் சொன்னேன். இப்போது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுவேன்.

3. லேத்தில் ஒரு புஷ்

காசு போட்டு வாங்கியதை வீணாக்க மனசு வரவில்லை. சின்ன ஷேங்க்குக்கு மேல் ஒரு பித்தளை உறை போட்டால் பெரிய ஷேங்க் ஆகிவிடும். வொர்க்ஷாப் சாரிடம் கேட்டேன். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செய், ஸ்கிராப் பித்தளையில் செய்" என்று அனுமதித்தார்.

கம்பவுண்டு ரெஸ்ட்டைத் திருப்பும் கோணத்துக்கு நம் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: டேன் ஆல்ஃபா = (பெரிய விட்டம் – சின்ன விட்டம்) ÷ (2 × நீளம்). நீளம் 25 மி.மீ. வைத்தேன். முனையில் 12.5 என்றால் மறுமுனையில் 13.75. ஆகவே 1.25 ÷ 50 = 0.025. கோணம் 1 டிகிரி 26 நிமிடம். உள்டேப்பருக்கும் அதே கோணம், சின்ன போரிங் டூலில்.

கணக்கு சுலபம், ஜாப் சுலபம் இல்லை. சுவரின் கனம் வெறும் 0.75 மி.மீ. முதல் ஜாப் பார்ட்டிங் ஆஃப் செய்யும்போது கிழிந்தது. இரண்டாவதில் உள்டேப்பர் முனைப் பக்கம் கொஞ்சம் பெருத்துவிட்டது, மேலே பிடித்தது கீழே ஆடியது. மூன்றாவதில் மார்க்கிங் நீலம் தடவி, சொருகித் திருப்பிப் பார்த்தபோது நீலம் முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தது. அன்று எனக்குச் செமஸ்டர் பாஸ் ஆனதைவிட சந்தோஷம்.

சாயந்தரம் அப்பா ஊதினார். ஆடவில்லை, கசியவில்லை. ஆனால் அடி சுரம் வரும்போது மாஸ்டர் தலையை ஆட்டினார். "புடிச்சிகிச்சு சரி. பாஸ் மாதிரி இல்லியே. பெரிய ஆளுக்குச் சின்னப்பையன் தொண்டை வெச்சாப்பல கீது" என்றார். பொருந்துவது வேறு, பொருத்தமானது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

4. மௌத்பீஸின் அங்கங்கள்

நாதஸ்வரத்தில் சீவாளிதான் அதிர்கிறது. அது நாணலில் செய்த இரட்டை நாக்கு. திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர்போன ஊர். வாத்தியம் செய்வதில் பெயர்போன நரசிங்கம்பேட்டைக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வித்வான்கள் நாலைந்து சீவாளியைக் கயிற்றில் கட்டி வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு எது பேசுகிறதோ அதை எடுப்பார்கள்.

பித்தளை வாத்தியத்தில் அப்படி இல்லை. இங்கே அதிர்வது நம் உதடு. மௌத்பீஸ் வெறும் ஆசனம். பாஸ் டிராம்போனின் பெடல் பி ஃபிளாட் என்பது வினாடிக்கு 58 அதிர்வு. அதாவது ஒரு வினாடியில் உதடு 58 தடவை திறந்து மூடவேண்டும். அந்த உதடு உட்கார இடம் வேண்டாமா? அதனால்தான் அளவு முக்கியம்.

ரிம்: உதட்டில் படும் வளையம். அகலமான ரிம் பாரத்தைப் பரப்பும், வலி குறையும், ஆனால் உதடு சட்டென்று வளையாது. கூர்மையான உள்விளிம்பு சுரத்தைச் சுத்தமாகத் தொடங்கவைக்கும், உதட்டையும் அறுக்கும்.

கப் விட்டம்: ரிம்மின் உள்ளே உள்ள அகலம். கூடினால் அதிரும் உதட்டின் பரப்பு கூடும். அடி சுரத்துக்கு நல்லது. மேல் சுரத்துக்கு உழைப்பு அதிகம்.

கப் ஆழம்: ஆழமானால் நாதம் கனக்கும், இருட்டாகும். ஆழம் குறைந்தால் பளிச்சென்று கேட்கும்.

தொண்டை: கப்பின் அடியில் உள்ள மிகக் குறுகிய துளை. பெரிதானால் காற்று தாராளமாகப் போகும், மூச்சும் சீக்கிரம் தீரும்.

பின்துளை: தொண்டையிலிருந்து முனைவரை விரியும் டேப்பர். வாத்தியத்தோடு சுருதி ஒத்துப்போவது இதிலும் இருக்கிறது.

ஏன் இப்படி? சோடா பாட்டில் வாயில் ஊதிப் பாருங்கள். காலி பாட்டிலில் கனத்த ஓசை, தண்ணீர் ஊற்ற ஊற்ற ஓசை மேலே ஏறும். உள்ளே உள்ள காற்றின் கொள்ளளவும் கழுத்தின் அளவும் சேர்ந்து ஒரு சொந்த சுருதியைத் தரும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் பெயரால் இதைச் சொல்வார்கள். மௌத்பீஸும் ஒரு சின்னப் பாட்டில்தான்: கப் என்பது பாட்டில், தொண்டை என்பது கழுத்து. ரிம்மை உள்ளங்கையால் தட்டினால் "டொப்" என்று கேட்கும். பெரிய கப்பில் அந்த டொப் தாழ்ந்து கேட்கும், சின்னதில் ஏறிக் கேட்கும். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது, காசு வேண்டாம்.

5. நம்பர் குழப்பம்

மௌத்பீஸில் 12சி, 6½ஏஎல், 5ஜி, 1½ஜி என்று பொறித்திருக்கும். (5ஜி என்றதும் செல்போனை நினைக்காதீர்கள்!) இந்த எண்கள் வின்சென்ட் பாக் கம்பெனியின் முறை. வின்சென்ட் பாக் 1890-ல் ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். இன்ஜினியரிங் படித்துவிட்டு டிரம்பெட் ஊதப் போனவர். அமெரிக்கா வந்து, 1918-ல் நியூயார்க்கில் ஒரு லேத்தை வைத்துக்கொண்டு மௌத்பீஸ் கடையத் தொடங்கினார். நம்மைப் போல லேத்தில் நின்ற ஒரு ஆள் வைத்த நம்பர்தான் இன்றைக்கு ஆம்பூர்வரை வந்திருக்கிறது.

பாக் முறையில் எண் குறையக் குறைய கப் பெரிசு. 12சி சுமார் 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4, 5ஜி 25.5, 1½ஜி 27, 1ஜி 28 மி.மீ. லண்டன் சிம்பனி இசைக்குழுவில் 1957 முதல் 1988 வரை முதன்மை டிராம்போன் வாசித்த டெனிஸ் விக் பெயரில் வரும் மௌத்பீஸிலும் எண் குறைந்தால் பெரிசு. ஆனால் ஷில்கி, யமஹா இரண்டும் தலைகீழ்: எண் கூடினால் பெரிசு. ஷில்கி 51 டெனருக்கு, 60 பாஸுக்கு. ஆகவே நம்பரை மட்டும் பார்த்து "இது பெரிசு" என்று சொல்லக்கூடாது, எந்தக் கம்பெனி நம்பர் என்று பார்க்கவேண்டும்.

இன்னொரு சங்கடம். ரிம்மின் உள்விளிம்பு வளைவாக இருப்பதால், எந்த ஆழத்தில் அளக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி விட்டம் மாறும். ஒரே மௌத்பீஸை மேலே அளந்தால் ஒன்று, 1 மி.மீ. கீழே அளந்தால் வேறு. அதனால் நான் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் அளந்தேன். தொண்டைக்கு வெர்னியர் போகாது. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை 'கோ – நோகோ' கேஜாக வைத்துக்கொண்டேன்.

6. நான்கு மௌத்பீஸ், ஒரு வாத்தியம்

நான்கு மௌத்பீஸ் சேர்த்தேன். வாங்கிய 12சி (என் புஷ்ஷோடு), மாஸ்டரின் பெரிய ஷேங்க் 6½ஏஎல், சர்ச்சில் ஊதும் ஒரு அண்ணனிடம் இரவல் வாங்கிய 5ஜி, ரிட்டயர்டு பேண்டுக்காரர் ஒருவரிடமிருந்து 1½ஜி. எல்லாமே அந்த நம்பரைப் பார்த்துச் செய்த காப்பி.

பரிசோதனை விதி: ஒரே வாத்தியம், ஒரே இடம், சாயந்தரம் ஒரே நேரம். நம்பர் தெரியாமல் டேப் ஒட்டிவிட்டேன். மாஸ்டரும் நானும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து மார்க் போட்டோம். நான்கு சுரம்: மேல் எஃப், நடு பி ஃபிளாட், கீழ் எஃப், பெடல் பி ஃபிளாட். ஒவ்வொன்றுக்கும் 10. கீழ் எஃப்பை ஒரே மூச்சில் எத்தனை வினாடி பிடிக்கிறார் என்று செல்போனில் பார்த்து, மூன்று தடவையின் சராசரி எடுத்தேன்.

12சி: தொண்டையில் 6 மி.மீ. பிட் போகிறது, 6.5 போகவில்லை. மேல் எஃப் 8, நடு 7, கீழ் எஃப் 4, பெடல் 2. மொத்தம் 21. மூச்சு 14 வினாடி. (இது புஷ் போட்டு ஊதியது, அதனால் இந்த மார்க்கை முழுசாக நம்பவேண்டாம்.)

6½ஏஎல்: தொண்டையில் 6.5 பிட் போகிறது. மேல் எஃப் 8, நடு 8, கீழ் எஃப் 6, பெடல் 4. மொத்தம் 26. மூச்சு 13 வினாடி.

5ஜி: தொண்டையில் 6.5 தாராளமாகப் போகிறது, 7 போகவில்லை. மேல் எஃப் 7, நடு 8, கீழ் எஃப் 7, பெடல் 6. மொத்தம் 28. மூச்சு 12 வினாடி.

1½ஜி: 7 மி.மீ. பிட் போகிறது. மேல் எஃப் 4, நடு 6, கீழ் எஃப் 9, பெடல் 8. மொத்தம் 27. மூச்சு 9 வினாடி.

பெடல் பி ஃபிளாட் 1½ஜியில் வந்தபோது திண்ணையில் வைத்திருந்த தட்டு அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் மொத்த மார்க்கில் 5ஜிதான் முதல். மூச்சும் மோசமில்லை. நான் கட்டம் போட்டு, அடிக்கோடு போட்டு, "5ஜி தேர்வு" என்று எழுதி, பெரிய இன்ஜினியர் மாதிரி அப்பாவிடம் காட்டினேன்.

7. விட்டுப்போன கட்டம்

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு 1½ஜியைக் கையில் எடுத்தார்.

"இது போதும்டா."

"இல்லப்பா, அது ஒரு மார்க் கம்மி. மேல் சுதியும் வரல, மூச்சும் 9 செகண்டுதான்."

அப்பா மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் வண்டி சறுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கட்டிக்கொள்ளச் சொன்னோம், "காசு எதுக்கு" என்று விட்டுவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் என் நோட்டில் இல்லை.

"நீ குடுத்த அந்த மூணும் சரியா ஒடஞ்ச பல்லு முனையில உட்காருது. நீ கேட்ட, ஊதினேன். ராத்திரி பூரா ஊதுனா உதடு கிழிஞ்சிடும். இது கொஞ்சம் அகலம், நல்ல பல்லு மேல உட்காருது" என்றார்.

25.5-க்கும் 27-க்கும் வித்தியாசம் 1.5 மி.மீ. ஒரு பக்கத்துக்கு முக்கால் மில்லி. அவ்வளவுதான். வெர்னியரில் நான் எழுதியதும் அதே எண்தான். ஆனால் அந்த முக்கால் மில்லி எங்கே உட்காருகிறது என்று நான் கேட்கவில்லை. நான்கு நாள் முன்னால் உட்கார்ந்து மார்க் போட்டேன், ஊதியவரிடம் "வலிக்குதாப்பா" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

நண்பர்களே, ஷேவிங் மெஷினில் அப்பா தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தே 1.2 மில்லியா, 1.4 மில்லியா என்று சொல்லிவிடுவார். பிறகுதான் சூப்பர்வைசர் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார், அநேகமாக அதே எண் வரும். இத்தனை வருஷம் அதைச் சாதாரண விஷயமாக நினைத்திருந்தேன். அளவு என்பது நாம் காலேஜுக்கு வந்து கற்றது மட்டும் இல்லை. நம் வீட்டிலேயே அது இருக்கிறது, அதற்கு ரெக்கார்டு நோட்டு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் என் அட்டவணை வீண் போகவில்லை. அதில் இருந்த இரண்டு குறையையும் எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனோம். மேல் சுரம் வரும் இடங்களை இன்னொரு டிராம்போன்காரருக்கு மாற்றிக் கொடுத்தார். மூச்சுக்கு, தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் 10 நிமிடம் நீளச் சுரம் மட்டும் ஊதிப் பழகினார். முதல் வாரம் 9 வினாடி, இரண்டாம் வாரம் 11 வந்தது. முகூர்த்தத்தன்று ஊர்வலம் முடிய ராத்திரி ஒரு மணி. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொண்டார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிழியவில்லை. 1½ஜி இரவல் கொடுத்தவருக்குத் தவணையில் பணம் கட்டி அதையே வாங்கிவிட்டோம். அடுத்த சீசன் பணத்தில் முதல் செலவு அந்தப் பல் என்று அம்மா முடிவு செய்திருக்கிறார். பல் கட்டியபிறகு நான்கையும் மறுபடி ஊதிப் பார்க்கவேண்டும், முடிவு மாறலாம்.

8. வாங்குவோர் கவனிக்க

1. வாத்தியத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். முடியாவிட்டால், சரியாகப் பிடிக்கும் பழைய மௌத்பீஸ் ஒன்றையாவது கொண்டுபோங்கள்.

2. முதல் கேள்வி "சின்ன ஷேங்க்கா, பெரிய ஷேங்க்கா?" என்பது. நம்பர் இரண்டாவது கேள்வி. 6½ஏஎல் போன்ற சில நம்பர்கள் இரண்டு ஷேங்க்கிலும் வருகின்றன.

3. சொருகியவுடன் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளிகூட ஆடக்கூடாது. சுமார் 25 மி.மீ. உள்ளே போய் நிற்கவேண்டும்.

4. முனை வட்டமாக இருக்கிறதா பாருங்கள். கீழே விழுந்து நசுங்கிய முனை வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே காற்றை இடிக்கும்.

5. ரிம்மில் முலாம் உரிந்து பித்தளை தெரிந்தால் வாங்கவேண்டாம். சிலருக்கு உதடு தடித்து அரிக்கும். வெள்ளி முலாமும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லமுடியாது, ஒவ்வாமை இருப்பவர்கள் தங்க முலாம் பூசியதைத் தேடுகிறார்கள்.

6. டெனரிலிருந்து பாஸுக்கு வருபவர்கள் எடுத்தவுடன் மிகப் பெரியதற்குப் போகவேண்டாம். 1½ஜி அளவே நல்ல தொடக்கம். இரண்டு வாரமாவது ஊதிவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் அஞ்சு நிமிஷத்தில் எல்லாப் புது மௌத்பீஸும் நல்லாத்தான் இருக்கும்.

7. மாட்டிக்கொண்டால் சுத்தியால் தட்டாதீர்கள், இடுக்கியால் திருகாதீர்கள். அதை இழுக்கத் தனிக் கருவி இருக்கிறது. நம்ம பேரிங் புல்லர் மாதிரியேதான். (பேண்டு நண்பர்களுக்காக ஒன்று செய்ய நினைத்திருக்கிறேன்.)

8. வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில், சின்ன பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஒருவர் மௌத்பீஸை இன்னொருவர் அப்படியே வாயில் வைக்கவேண்டாம்.

9. கடைசியாக, ஊதப்போகிறவரின் பல், உதடு, வேலை நேரம் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அட்டவணையில் முதல் கட்டம் அதுதான்.

முடிவாக

நாளைக்கு நாம் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் டிராயிங் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போகிறோம். ராணிப்பேட்டையோ, ஒசூரோ, சென்னையோ. அங்கே மெஷினுக்கு முன்னால் நம் அப்பா வயசில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அளவு எடுங்கள், கணக்குப் போடுங்கள், சைன் வாங்குங்கள். ஆனால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்க மறந்து கற்றுக்கொண்டேன், நீங்கள் மறக்காமல் இருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் லேத்தைக் கொடுத்த வொர்க்ஷாப் ஆசிரியருக்கும், மௌத்பீஸ் இரவல் தந்த பெரியவர்களுக்கும், பக்கம் ஒதுக்கிய மாணவர் பேரவைக்கும் என் நன்றி. இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த மூணாவது புஷ்ஷ வெச்சிக்கோ, தூக்கிப் போட்டுடாத" என்று மட்டும் சொன்னார். வைத்திருக்கிறேன்.